மரச்செக்கு எண்ணெயை இணையத்தில் விற்க: வாட்ஸ்அப்பா, ஷாப்பிஃபையா, வூகாமர்ஸா?

ஒரு லிட்டர் கடலை எண்ணெய் 910 கிராம் அளவில் எடை வரும். பெட் பாட்டில், பபிள் ராப், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்தால் 1 கிலோ 100 கிராம். கிலோ கணக்கில் வசூலிக்கும் கூரியரில் இது 2 கிலோ பார்சல். 320 ரூபாய் என்று பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கம் வரை வந்தவர், அங்கே திடீரென்று 410 என்று கண்டால் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். செக்கு எண்ணெய்க்கு வலைத்தளம் போட நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். எந்த நிறம், எந்த பேனர் என்பதெல்லாம் அப்புறம்.

காங்கேயம், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் சொந்தமாகச் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி, பத்துப் பதினைந்து பொருள்களைத் தமிழ்நாடு முழுக்கவும் பெங்களூருக்கும் அனுப்புகிற ஒரு சிறு தொழிலை மனதில் வைத்து எழுதப்பட்டது இது. கருப்பட்டி, சிறுதானியம், மசாலாப் பொடி விற்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வழிகள் ஐந்து: வாட்ஸ்அப் கேட்டலாக் (பொருள் பட்டியல்), பெரிய சந்தைத் தளங்கள், ஷாப்பிஃபை, வூகாமர்ஸ், ஆள் வைத்துச் சொந்தமாக எழுதி வாங்கும் தளம்.

வாட்ஸ்அப் எதுவரை தாங்கும்

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். கேட்டலாக்கில் 500 பொருள்கள் வரை போடலாம். எண்ணெய்க் கடைக்குப் பதினைந்தே அதிகம். வாங்குபவர் பொருளைக் கூடையில் போட்டு அனுப்பினால், அது உங்களுக்கு ஒரு செய்தியாக வந்து சேரும். அதற்குப் பிறகு நடப்பது இப்படி:

“அண்ணா, கடலெண்ணெய் லிட்டர் எவ்வளவு?”

“320 ரூபாய்ங்க.”

“கூரியரோட சேர்த்தா?”

“எந்த ஊருங்க?”

“ஓசூர்.”

“ஒரு லிட்டர்னா கூரியர் 90 வரும்ங்க. அட்ரஸ் அனுப்புங்க.”

முகவரி வரும், பின்கோடு இருக்காது. அதைக் கேட்டு வாங்கினால், பணம் எந்த எண்ணுக்கு என்ற கேள்வி வரும். அனுப்பியதும் ஒரு ஸ்கிரீன்ஷாட். மறுநாள் “பார்சல் எங்க இருக்குண்ணா?” ஓர் ஆர்டருக்குக் குறைந்தது பன்னிரண்டு செய்திகள். நாளைக்கு மூன்று, நான்கு ஆர்டர் என்றால் இது சுமையே இல்லை. வாங்குபவரோடு ஒரு பழக்கமும் உண்டாகும். “இந்த வாரம் ஆட்டினதா?” என்று கேட்டு வாங்கவே பலர் விரும்புகிறார்கள். பத்து ஆர்டர் ஆனால் 120 செய்திகள். அப்போது செக்கடியில் நிற்கிற ஆளால் பதில் சொல்ல முடியாது. காலையில் கேட்டவருக்கு மாலையில் பதில் போனால், அவர் அதற்குள் வேறு எங்காவது வாங்கியிருப்பார்.

இந்த வழியில் பணம் தொலைவது பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டில். பணம் கட்டியதாகக் காட்டும் படத்தைப் பொய்யாகத் தயாரிக்க ஒரு நிமிடம் போதும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியையோ உங்கள் யுபிஐ செயலியில் உள்ள வரவையோ பார்க்காமல் பெட்டியை ஒட்டக் கூடாது. இரண்டாவது தொல்லை ஸ்டாக்: கேட்டலாக் தானாக எண்ணிக் குறைக்காது, தீர்ந்த பொருளை நீங்கள்தான் மறைக்க வேண்டும். மூன்றாவது, ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம். அவர்களிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போகும்.

செலவில்லாத இடைவழி ஒன்று உண்டு. ஒரே ஒரு பக்கத்தில் விலைப் பட்டியல், எடைவாரியாகக் கூரியர் கட்டணம், எந்த ஊருக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும் என்பதை எழுதிவிட்டு, கீழே வாட்ஸ்அப் பொத்தான் வைப்பது. அந்தப் பொத்தானின் இணைப்பிலேயே செய்தியை முன்கூட்டி எழுதிவைக்கலாம்: “பெயர் / கதவு எண், தெரு / ஊர் / பின்கோடு / போன் / வேண்டியது”. வாங்குபவர் நிரப்பி அனுப்பினால் போதும், பன்னிரண்டு செய்தி நான்காகக் குறையும். நாளைக்கு ஐந்து ஆர்டருக்குக் கீழே இருப்பவர்கள் இதைத் தாண்டிச் செலவு செய்ய அவசரப்பட வேண்டாம்.

சந்தைத் தளங்கள்

அமேசான், பிளிப்கார்ட் போன்றவற்றில் கூட்டம் அதிகம். ஆனால் வாங்கியவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளராகவே இருந்துவிடுகிறார். அடுத்த மாதம் எண்ணெய் தீரும் நேரத்தில் நீங்கள் அவரை நினைவூட்ட வழியில்லை. எண்ணெய் மாதாமாதம் தீர்ந்து மறுபடி வாங்கும் பொருள் என்பதால் இந்த இழப்பு பெரியது. புதியவர்களுக்குப் பெயர் தெரிய ஒன்றிரண்டு பொருளை மட்டும் அங்கே வைக்கலாம். முழுக் கடையையும் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

ஷாப்பிஃபையும் வூகாமர்ஸும்

உண்மையான தேர்வு இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஷாப்பிஃபை 2006இல் கனடாவில் தொடங்கிய சேவை. மாதச் சந்தா கட்டினால் ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்), பாதுகாப்பு, அப்டேட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வூகாமர்ஸ் 2011இல் வந்த பிளகின், அதாவது வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் வசதி. மென்பொருள் இலவசம், ஹோஸ்டிங்கும் பராமரிப்பும் உங்கள் தலையில். முன்னது வாடகைக் கடை. மோட்டார் பழுதானால் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். பின்னது சொந்த இடம். கூரை ஒழுகினால் நீங்கள்தான் ஏற வேண்டும்.

செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஷாப்பிஃபையின் அடிப்படைத் திட்டம் மாதம் 2,000 ரூபாய் அளவில். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் குறையும். அதன் சொந்தக் கட்டண வசதி இந்தியாவில் கிடையாது. அதனால் ரேசர்பே போன்ற வெளி கேட்வேயை (வாங்குபவரின் பணத்தைப் பெற்று உங்கள் கணக்குக்கு அனுப்பும் சேவை) சேர்க்க வேண்டும். சேர்த்தால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வோர் ஆர்டருக்கும் 2 சதவீதம் ஷாப்பிஃபைக்குத் தனியாகப் போகும். கேட்வேயின் கட்டணம் வழக்கமாக 2 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 1,000 ரூபாய்க்கு 23 ரூபாய் 60 காசு. இந்தச் செலவு வூகாமர்ஸிலும் உண்டு, எனவே ஒப்பீட்டில் அதை விட்டுவிடலாம்.

சராசரி ஆர்டர் 800 ரூபாய், நாளைக்கு இரண்டு ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 48,000 ரூபாய் வியாபாரம். ஷாப்பிஃபைக்கு 2,000 சந்தா, 960 கமிஷன், ஆக 2,960. வூகாமர்ஸில் ஹோஸ்டிங் 500, அப்டேட்டும் பேக்கப்பும் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 2,500 என்றால் 3,000. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. நாளைக்குப் பத்து ஆர்டர் ஆனால் வியாபாரம் 2,40,000. ஷாப்பிஃபைக்கு 6,800, வூகாமர்ஸுக்கு அதே 3,000. மாதம் 3,800 ரூபாய் வித்தியாசம்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு உடனே வூகாமர்ஸுக்குப் போகிறவர்கள், பராமரிப்பு ஆளுக்கான 2,500 ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். கெட்டுப்போவது அங்கேதான். ஆறு மாதம் அப்டேட் செய்யாத ஒரு பிளகின் வழியாகத் தளத்துக்குள் வேறு ஏதோ நுழைந்து, உங்கள் முகவரியைத் தட்டினால் சூதாட்டப் பக்கம் திறக்கும். ஹோஸ்டிங்கில் வேகத்துக்காகப் போட்ட கேஷ் (cache, பக்கத்தின் நகலை வைத்துக் காட்டும்) வசதி கூடைப் பக்கத்தையும் சேர்த்து நகலெடுத்துவிட்டால், ஒருவர் சேர்த்த பொருள் அவருக்குக் காலியாகத் தெரியும், அல்லது இன்னொருவரின் கூடை தெரியும். கூடை, செக்அவுட் (முகவரி எழுதிப் பணம் கட்டும் பக்கம்), கணக்குப் பக்கம் மூன்றையும் கேஷிலிருந்து விலக்கியே ஆக வேண்டும். மலிவு ஹோஸ்டிங்கில் முதல் வருட விலை ஒன்று, புதுப்பிக்கும்போது விலை வேறு. வாங்கும்போதே புதுப்பிப்பு விலையைப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் அடிக்கடி வருகிறது. 2023 நவம்பரில் வந்த 8.3 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் வூகாமர்ஸில் செக்அவுட் பக்கம் புதிய பிளாக் முறையில் வருகிறது. பழைய கேட்வே பிளகின்கள் சில அதற்கு ஏற்றவாறு மாற்றப்படவில்லை. பிளகின் சரியாக நிறுவப்பட்டிருக்கும், அமைப்புகளில் பச்சை விளக்கும் எரியும். ஆனால் வாங்குபவருக்குப் பணம் கட்டும் வழி கண்ணிலேயே படாது. பிளகினைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் செக்அவுட் பக்கத்தைப் பழைய ஷார்ட்கோடு முறைக்கு மாற்ற வேண்டும்.

எண்ணெய்க் கடைக்கு இரண்டையும் பிரித்துக் காட்டுவது கூரியர் கட்டணம். ஷாப்பிஃபையில் எடைப்படி கட்டணம் வைப்பது உள்ளமைந்தே இருக்கிறது: 1 கிலோ வரை இவ்வளவு, 2 கிலோ வரை இவ்வளவு என்று எழுதிவிடலாம். ஆனால் பகுதிகளை மாநில அளவில்தான் பிரிக்கலாம். பின்கோடுவாரியாக வேண்டுமென்றால் காசு கொடுத்துத் தனி ஆப் சேர்க்க வேண்டும். வூகாமர்ஸில் இது தலைகீழ். பின்கோடுவாரியாகப் பகுதி பிரிப்பது இலவசமாகவே உண்டு, 638 என்று தொடங்கும் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டணம் என்று ஒரே வரியில் எழுதலாம். எடைப்படி கட்டணத்துக்குத்தான் கூடுதல் பிளகின் தேவை. தமிழ்நாடு முழுக்க ஒரே கூரியர் கட்டணம் வாங்குபவருக்கு ஷாப்பிஃபை எளிது. சொந்த ஊரைச் சுற்றி நீங்களே வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்து, மற்ற இடங்களுக்குக் கூரியரில் அனுப்புபவருக்கு வூகாமர்ஸ். அதில் கேஷ் ஆன் டெலிவரியை எந்த அனுப்பும் முறைக்கு மட்டும் காட்டலாம் என்ற அமைப்பும் சேர்ந்தே வருகிறது. உள்ளூர் வண்டி டெலிவரிக்கு மட்டும் அதைத் திறந்துவைக்கலாம்.

எங்கள் முடிவு இது: கணினியில் எக்செல் தாண்டிப் பழக்கமில்லாத வீட்டுத் தொழிலுக்கு முதல் இரண்டு வருடம் ஷாப்பிஃபை. வீட்டில் ஒருவருக்கு வேர்ட்பிரஸ் தெரியும், அவர் இதை வாராவாரம் பார்ப்பார் என்றால் வூகாமர்ஸ். “மச்சான் பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான், பார்த்துக்குவான்” என்பது இந்தக் கணக்கில் சேராது. ஷாப்பிஃபை போலவே சந்தாவில் ஜோஹோ காமர்ஸும் இருக்கிறது. கணக்கு வழக்கை ஏற்கெனவே ஜோஹோவில் பார்ப்பவர்கள் அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

ஆள் வைத்து முழுக்க எழுதி வாங்கும் தளம் பதினைந்து பொருள் விற்பவருக்குத் தேவையே இல்லை. எழுதியவர் வேலை மாறிப் போனால் ஒரு விலையைத் திருத்தக்கூட ஆள் தேட வேண்டும். எந்த வழியில் போனாலும் டொமைனை (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) மட்டும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். டிசைனர் தன் கணக்கில் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு மனத்தாங்கல் வந்தால் கடையின் பெயர்ப்பலகையே அவர் கையில் இருக்கும்.

எதைத் தேர்ந்தாலும் நீங்களே திருத்த வேண்டிய படிவம்

இரண்டு தளங்களும் வெளிநாட்டு முகவரியை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. செக்அவுட் பக்கம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. கடைசிப் பெயர் கட்டாயம் என்று சிவப்பில் திட்டும்போது சிலர் இனிஷியலைப் போடுவார்கள், சிலர் அப்பா பெயரைப் போடுவார்கள், சிலர் ஒரு புள்ளி வைப்பார்கள், சிலர் மூடிவிட்டுப் போவார்கள். ஷாப்பிஃபையின் செக்அவுட் அமைப்பில் முதல் பெயரைக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிடலாம். மீதமுள்ள ஒரே கட்டாயக் கட்டத்தின் தலைப்பைப் ‘பெயர்’ என்று மாற்றிவிட்டால் போதும். வூகாமர்ஸின் பழைய செக்அவுட்டில் ஒரு சிறு பிளகின் கொண்டு கடைசிப் பெயரை நீக்கலாம். நிறுவனத்தின் பெயர் கேட்கும் கட்டத்தை மறைத்துவிடுங்கள்.

பின்கோடை முகவரியின் கடைசியில் கேட்காமல் முதலில் கேளுங்கள். ஆறு இலக்கம் விழுந்ததும் மாவட்டமும் மாநிலமும் தானாக நிரம்பினால் தட்டச்சு பாதியாகக் குறையும், எழுத்துப்பிழையால் பார்சல் திரும்புவதும் குறையும். அந்த ஊருக்கு அனுப்ப முடியாது என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடலாம். முழு முகவரியையும் எழுத வைத்துவிட்டு இல்லை என்று சொல்வது கொடுமை. பின்கோடு, போன் எண் கட்டங்களைத் தொட்டால் எண் பலகை திறக்க வேண்டும், எழுத்துப் பலகை அல்ல. கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் அந்தக் கட்டத்தைத் தொட்டதும் பக்கம் முழுதும் பெரிதாகி ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். டிசைனரிடம் சொன்னால் ஒரு வரியில் சரிசெய்வார். ‘அடையாளம்’ என்று ஒரு கட்டம் கட்டாயமில்லாமல் வையுங்கள். “மாரியம்மன் கோயில் எதிர் சந்து” என்று எழுத இடம் இருந்தால் டெலிவரிப் பையன் ஒரு அழைப்பு குறைவாகச் செய்வான்.

கணக்கு தொடங்கினால்தான் வாங்கலாம் என்று வைக்காதீர்கள். பாஸ்வேர்டு கேட்டால் பலர் அங்கேயே நிற்பார்கள். ஓடிபி வைத்தால் வசதிதான். ஆனால் இந்தியாவில் குறுஞ்செய்தி ஓடிபி அனுப்ப டிஎல்டி என்ற, தொலைபேசி நிறுவனங்களின் பதிவுத் தளத்தில் நிறுவனத்தையும் செய்தி வாசகத்தையும் பதிவு செய்ய வேண்டும், வாசகத்தில் ஓர் எழுத்து மாறினாலும் செய்தி போகாது. சிறு கடைக்குக் கணக்கில்லாமல் வாங்கும் வழியே போதும்.

கூரியர் கட்டணத்தை எங்கே காட்டுவது

வழிகள் மூன்று. விலைக்குள்ளேயே சேர்த்துவிடுவது: 320 ரூபாய் எண்ணெய் 410 ஆகத் தெரியும், பக்கத்துக் கடையோடு ஒப்பிட்டால் விலை கூடுதலாகத் தோன்றும், ஆனால் கடைசியில் அதிர்ச்சி இல்லை. தனியாகக் காட்டுவது: நேர்மையானது, ஆனால் பொருளின் பக்கத்திலேயே, விலைக்குக் கீழேயே காட்ட வேண்டும். மூன்றாவது, குறிப்பிட்ட தொகைக்கு மேல் இலவசம் என்பது: 5 லிட்டர் டின் வாங்குபவர் அந்தத் தொகையை ஒரே பொருளில் தாண்டிவிடுவார், ஐந்து கிலோவுக்கு மேல் கூரியர் செலவு உங்கள் மேல் விழும். எண்ணெய்க்கு இந்த மூன்றாவது வழி பெரும்பாலும் நஷ்டம்.

தனியாகக் காட்டுவதே எங்கள் பரிந்துரை. காரணம், முதலில் சொன்ன 1 கிலோ 100 கிராம். ஒரு லிட்டர் பாட்டிலோடு இன்னொரு 500 மி.லி. சேர்த்தாலும் பெட்டி 1 கிலோ 600 கிராம் அளவில்தான் நிற்கும்; 2 கிலோ கட்டணத்துக்குள் அடங்கிவிடும். கூடையில் அந்த இடத்தில் “இன்னும் அரை லிட்டர் சேர்த்தாலும் கூரியர் கட்டணம் இதேதான்” என்று ஒரு வரி வையுங்கள். வாங்குபவருக்கு லாபம், உங்களுக்கும் விற்பனை. பெட்டியின் அளவையும் கவனியுங்கள்: பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். 30, 20, 20 செ.மீ. பெட்டி 2.4 கிலோவாகக் கணக்காகும், உள்ளே 1.6 கிலோதான் இருந்தாலும். தளத்தில் எடையை எழுதும்போது எண்ணெயின் எடையைப் போடாமல், பெட்டியோடு சேர்த்துக் கூரியர் கணக்கிடும் எடையைப் போடுங்கள்.

பணம் கட்டும் இடம்

க்யூஆர் கோடை மட்டும் காட்டும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. போனில் வாங்குபவர் தன் போன் திரையில் தெரியும் கோடைத் தன் போனாலேயே எப்படி ஸ்கேன் செய்வார்? போனில் திறந்தால் யுபிஐ செயலிகளின் பெயர்கள் தெரிந்து, தொட்டதும் தொகை நிரம்பிய நிலையில் அந்தச் செயலி திறக்க வேண்டும். கணினியில் திறந்தால் மட்டும் க்யூஆர். கேட்வே மூலம் போனால் இது தானாக அமையும்.

அடுத்த தொல்லை, பணம் போய்விட்டது, ஆர்டர் வரவில்லை என்பது. வாங்குபவர் யுபிஐ செயலியில் பணம் கட்டிவிட்டு உலாவிக்குத் திரும்பாமல் போனை மூடிவிடுவார். தளம் அவர் திரும்பி வருவார் என்று காத்திருக்கும். இதைத் தடுக்கத்தான் வெப்ஹுக்: பணம் வந்ததைக் கேட்வே நேராக உங்கள் தளத்துக்குச் சொல்லும். வூகாமர்ஸில் வெப்ஹுக் முகவரியைக் கேட்வேயின் பக்கத்தில் பதிந்திருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லாவிட்டால், ஸ்டாக் கணக்கு வைத்திருக்கும் கடையில் பணம் வராத ஆர்டரை 60 நிமிடத்தில் தானாக ரத்து செய்யும் அமைப்பு ஒன்று இயல்பாகவே இயங்கும். பணம் கட்டியவருக்கே ரத்துச் செய்தி போய்ச் சேரும்.

கேஷ் ஆன் டெலிவரி இல்லாவிட்டால் புதியவர்கள் தயங்குவார்கள். இருந்தால் வாங்க மறுத்துத் திரும்பும் பார்சலுக்குப் போகவர இரண்டு கூரியர் கட்டணம் உங்களுக்கு. திரும்பும் வழியில் மூடி கசிந்தால் எண்ணெயும் போச்சு. கூரியர் கட்டணத்தை மட்டும் முன்கூட்டி யுபிஐயில் வாங்கிக்கொண்டு, எண்ணெயின் விலையைக் கையில் வாங்குவது நடுவழி. விளையாட்டுக்கு ஆர்டர் போடுபவர்கள் அந்த 90 ரூபாயிலேயே நின்றுவிடுவார்கள்.

படம், எழுத்து, மொழி

போனில் எடுத்த படம் 3 முதல் 5 எம்பி இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் பத்துப் பொருள் உள்ள பக்கம் 40 எம்பி. அகலம் 1,000 பிக்சல், வெப்பி (WebP) என்ற பட வடிவம், ஒரு படம் 100 கேபி அளவு என்று குறைத்து ஏற்றுங்கள். ஒரே தரத்தில் ஜேபெக்கைவிட வெப்பி 25 முதல் 34 சதவீதம் சிறியது என்று கூகுள் சொல்கிறது. முதன்மைப் படம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முகவரியைப் போட்டால் இலவசமாகக் காட்டும். முகப்பில் தானாக நகரும் நான்கு பேனர்களை எடுத்துவிட்டால் பாதி வேகம் அங்கேயே கிடைத்துவிடும். படத்துக்குள் விலையை எழுதாதீர்கள். 360 பிக்சல் அகலத் திரையில் அது எறும்பு எழுத்தாகும்.

எண்ணெய்க்கு மூன்று படம் கட்டாயம்: முழுப் பாட்டில், லேபிள் வாசிக்கும்படி நெருக்கமாக, வெளிச்சத்தில் பிடித்த எண்ணெயின் நிறமும் அடியில் தங்கும் வண்டலும். வண்டலை மறைத்தால் பிறகு “எண்ணெய் கெட்டுப்போச்சு” என்று போன் வரும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவுக்குக் கீழே உறையும். மார்கழியில் பெங்களூரிலும் ஊட்டியிலும் பாட்டில் வெள்ளைக் கட்டியாகத்தான் போய்ச் சேரும். அதைப் பொருளின் பக்கத்தில், வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஒரு வரியாக எழுதுங்கள், வெந்நீரில் வைத்தால் இளகும் என்பதோடு. கேள்வி பதில் பக்கத்தில் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

அளவைத் தேர்ந்தெடுக்க, தொட்டால் விரியும் பட்டியல் வேண்டாம். 500 மி.லி., 1 லி., 5 லி. என்று மூன்று பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் விலை, கீழே லிட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கு. விரல் படும் இடம் 48 பிக்சல் உயரம் இருந்தால் வயதானவர்களும் தடுமாறமாட்டார்கள்.

தமிழா ஆங்கிலமா என்று கேட்டால், பெயரும் விளக்கமும் பொத்தானும் தமிழில், பொருளின் ஆங்கிலப் பெயர் அடியில் சிறியதாக. மொழி மாற்றும் பொத்தான் வைத்து இரண்டு முழுத் தளம் நடத்த முயன்றால், விலை மாறும்போது ஒன்றில் திருத்தி இன்னொன்றை மறப்பீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் ‘கூடையில் சேர்க்கவும்’ இரண்டு வரியாக உடையும், எனவே ‘கூடையில் சேர்’ போதும். வரிக்கும் வரிக்கும் இடைவெளி எழுத்தளவைப் போல் 1.6 மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் கால்களும் கீழ்வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. அழகுக்காக இன்னொன்றை ஏற்றினால் பக்கம்தான் கனக்கும். இரண்டு தளங்களிலும் செக்அவுட் சொற்களின் தமிழை நீங்களே வரி வரியாகப் படித்துத் திருத்துங்கள். தேடல் பெட்டிக்காக ஒவ்வொரு பொருளுக்கும் கடலை எண்ணெய், கடலெண்ணெய், நிலக்கடலை எண்ணெய் என்று எல்லா வழக்கையும், மக்கள் ஆங்கில எழுத்தில் தட்டும் வடிவங்களையும் குறிச்சொல்லாகச் சேருங்கள்.

சட்டம் கேட்பது

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள்படி நிறுவனத்தின் சட்டப்பெயர், முகவரி, தொடர்பு, குறைதீர் அலுவலரின் விவரம் தளத்தில் தெரிய வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். முன்கூட்டியே டிக் போட்ட கட்டத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல் 13 ஏமாற்று வடிவங்களைத் தடுக்கிறது. பொய்யாக ‘2 பாட்டில்தான் பாக்கி’ என்று அவசரப்படுத்துவதும், கட்டணத்தைக் கடைசியில் வெளியிடுவதும் அதில் அடக்கம். ஆயத்தத் தீம்களில் கீழ்நோக்கி ஓடும் கடிகாரம் இயல்பாகவே வரும், அணைத்துவிடுங்கள். உணவுப் பொருள் என்பதால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் பொருளின் பக்கத்தில் இருக்கட்டும். வேறு மாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கும் முன் ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

திறக்கும் முன்னும், மாறும்போதும்

ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். உங்கள் போனைக் கொடுக்காமல் அவரவர் போனிலேயே, வைஃபை இல்லாமல், “ரெண்டு லிட்டர் நல்லெண்ணெய் உங்க வீட்டுக்கு ஆர்டர் போடுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். ஐவரில் ஒருவராவது ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்ணாக இருக்கட்டும். சமையல் எண்ணெயைத் தேர்வு செய்வது பல வீடுகளில் அவர்தான். எங்கே விரல் நிற்கிறது, எங்கே முகம் சுருங்குகிறது என்று பாருங்கள். வாயைத் திறந்து வழிகாட்டாதீர்கள். அவர்கள் கட்டிய பணத்தையும் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்; பணம் திருப்பும் வேலை சரியாக நடக்கிறதா என்று தெரியவும் அதுவே சோதனை.

பின்னால் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பலருக்கும் நடப்பதுதான். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பொருளுக்கும் அளவோடு சேர்த்து ஒரு குறியீடு வையுங்கள், கடலை ஒரு லிட்டருக்கு ஒன்று, அரை லிட்டருக்கு வேறு. மாதம் ஒருமுறை பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் பட்டியல்களைச் சிஎஸ்வி கோப்பாக (எக்செலில் திறக்கும் எளிய பட்டியல்) இறக்கி வீட்டுக் கணினியில் வையுங்கள். ஷாப்பிஃபையில் பொருளின் பக்க முகவரி ஒரு விதம், வூகாமர்ஸில் வேறு விதம். மாறும் நாளில் பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்குத் திருப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ தன் நாத்தனாருக்கு இரண்டு வருடத்துக்கு முன் அனுப்பிய இணைப்பு அப்போதும் அதே நல்லெண்ணெய்ப் பக்கத்தில் போய்த் திறக்கும்.